பழைய சாமானைக் கையில் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் லேப்டாப் வாங்குவது எப்படி என்று அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தீர்கள். ராம் எவ்வளவு இருக்க வேண்டும், பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும் என்றெல்லாம் விவரமாக இருந்தது. வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் வாங்கி வந்த லேப்டாப்பில் ஒருநாள் திடீரென்று நெட் வராமல் போனால் முதலில் எங்கே கை வைப்பது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அந்த ஒரு வரி தெரியாமல் கடந்த ஜூலையில் 1,800 ரூபாய் தண்டம் கட்டியவன் நான். கடிதம் கொஞ்சம் நீளமாகத்தான் போகும். இடம் இல்லையென்றால் நடுவில் வெட்டிக்கொள்ளுங்கள், கடைசியில் இருக்கும் கோரிக்கையை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

மின்வாரியத்தில் 34 ஆண்டு வேலை பார்த்து, லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றேன். ஊர் சுரண்டை. ராத்திரி பதினொரு மணிக்கு "எங்க வீட்டில மட்டும் கரண்ட் இல்லை" என்று ஆள் வரும். மழையில் சைக்கிளை மிதித்துப் போய்ப் பார்த்தால் மெயின் சுவிட்ச் இறங்கிக் கிடக்கும். வீட்டுப் பிள்ளை விளையாட்டாக இறக்கிவிட்டிருக்கும். நான் சுவிட்சைத் தூக்கிவிட்டு, வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்புவேன். அதே பார்வையை ஒருநாள் நானும் வாங்குவேன் என்று அப்போது தெரியாது.

என் பேத்தி இந்த வருடம் பிளஸ் டூ முடித்தாள். பொறியியல் கலந்தாய்வு 2018-லிருந்து இணையவழியில் நடக்கிறது. 2012-ல் என் மகனுக்காகப் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி, அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் உட்கார்ந்து, பெரிய திரையில் சீட்டுகள் ஒவ்வொன்றாகக் குறைவதை வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டு பார்த்தது ஞாபகம் இருக்கிறது. இப்போது அந்த அலைச்சல் இல்லை. வேண்டிய கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பதிய மூன்று நாள் தருகிறார்கள். அந்த மூன்று நாளும் வீட்டில் நெட் ஓட வேண்டும், அவ்வளவுதான்.

லேப்டாப் திருநெல்வேலியில் வாங்கிய பழையது. பெரிய கம்பெனிகளில் சில வருடம் ஓடிவிட்டு, துடைத்துச் சரிபார்த்து விற்பனைக்கு வருமே, அந்த மாதிரித் தடியான கறுப்பு லேப்டாப். 14,500 ரூபாய். உழைப்பில் குறை சொல்ல முடியாது. பதிவின் இரண்டாம் நாள் காலையில் திறந்தால், வைஃபை குறி இருக்கும் இடத்தில் பெருக்கல் குறி. என் போனில் அதே வைஃபை வருகிறது. லேப்டாப்பில் எங்கள் வீட்டுப் பெயரும் இல்லை, அக்கம்பக்கத்துப் பெயர் ஒன்றும் இல்லை. கோளாறு கண்டுபிடிக்கும் பட்டன் ஒன்று இருக்கிறதே, பேத்தி அதை அழுத்தினாள். அது கொஞ்ச நேரம் ஓடிவிட்டு ஆங்கிலத்தில் இரண்டு வரி காட்டியது. பதற்றத்தில் இருந்தவள் படிக்காமலே மூடிவிட்டாள். அந்த இரண்டு வரியில் என்ன இருந்தது என்று பிறகு சொல்கிறேன், வயிறு எரியும்.

லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு தென்காசிக்குப் பஸ் ஏறினேன். ஒரு ரிப்பேர் கடை. பெயர் வேண்டாம். அங்கே இருந்த தம்பி வாங்கிப் பார்த்துவிட்டு, திரைச்சீலைக்குப் பின்னால் கொண்டுபோனார். ஒன்றரை மணி நேரம் கழித்து வெளியே வந்தார். "வைஃபை கார்டு போயிருச்சு அண்ணாச்சி. புதுசு போட்டிருக்கேன். கார்டு 1,300, கூலி 500." துண்டுச் சீட்டில் அதையே எழுதியும் கொடுத்தார். நெட் வந்தது. நானும் மறுபேச்சில்லாமல் எண்ணிக் கொடுத்தேன். அன்று ராத்திரியே பேத்தி பட்டியலை முடித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு கல்லூரி இடத்துக்கான தற்காலிக ஒதுக்கீடு வந்தது. அதை உறுதி செய்யவும் கெடு உண்டு. லேப்டாப்பைப் பையில் வைத்துச் சினேகிதி வீட்டுக்குப் போய்த் திரும்பிய பேத்தி, சாயங்காலம் திறந்தால் மறுபடியும் அதே பெருக்கல் குறி. அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் பையன் பாலிடெக்னிக் இரண்டாம் வருடம் படிக்கிறான். அவனைக் கூப்பிட்டேன்.

அவன் வந்ததும் லேப்டாப்பைத் தொடவே இல்லை. என் போனைச் சார்ஜர் வயரால் லேப்டாப்பில் சொருகி, போனில் யுஎஸ்பி டெதரிங் என்பதைப் போட்டான், போனின் நெட்டை வயர் வழியாக லேப்டாப்புக்குக் கொடுப்பது அது. வைஃபை இல்லாமலே நெட் வந்துவிட்டது. "முதல்ல வேலையை முடிங்க, அப்புறம் பார்ப்போம்" என்றான். ஐந்து நிமிடத்தில் உறுதி செய்தாயிற்று. தற்காலிகமாக வேறு லைனிலிருந்து சப்ளை கொடுத்துவிட்டு நிதானமாகப் பழுது தேடுவது எங்கள் வேலையிலும் உண்டு. அது எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு லேப்டாப்பைத் தூக்கி, வலப்பக்க விளிம்பில் விரலை ஓட்டினான். 'டிக்' என்று ஒரு சத்தம். அரை நெல்மணி அளவுக்கு ஒரு சறுக்கு சுவிட்ச். அது இருப்பதே அன்றைக்கு வரை எங்கள் யார் கண்ணிலும் பட்டதில்லை. அதைத் தள்ளியதும் அடியில் துளியூண்டு பச்சை நிறம் தெரிந்தது. திரையில் எங்கள் வீடு, எதிர்வீடு, மாவு மில் என்று வைஃபைப் பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. அவன் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தான். நான் 34 வருடம் ஊரையே பார்த்த அதே பார்வை.

அந்த சுவிட்சின் சங்கதியை அவன் விளக்கினான். லேப்டாப்புக்குள் இருக்கும் வைஃபை கார்டில் வரிசையாகப் பின்கள். அதில் 20-ஆவது பின் கார்டுக்கு 'வாயை மூடு' என்று சொல்வதற்காக உள்ளது. விளிம்பு சுவிட்சை அணைத்தால் அந்தக் கோட்டில் மின்னழுத்தம் இறங்கும், கார்டு ரேடியோவை நிறுத்திவிடும். அதற்குப் பிறகு திரையில் எத்தனை முறை வைஃபையைப் போட்டாலும் எடுபடாது. எனக்கு இது உடனே புரிந்தது. லைனையே துண்டிக்கும் ஏபி சுவிட்சைக் கம்பத்தில் திறந்துவிட்ட பிறகு வீட்டுக்குள் எந்த சுவிட்சைப் போட்டு என்ன?

புது லேப்டாப்புகளில் இந்தச் சறுக்கு சுவிட்ச் அநேகமாக இல்லை. அதற்குப் பதில் மேல்வரிசை விசை ஒன்றில் ஆன்டெனா படமோ விமானப் படமோ போட்டிருக்கும். ஹெச்பியில் பல மாடலில் எஃப்12, அதில் ஒரு பொட்டு விளக்கு உண்டு. மஞ்சள் கலந்த சிவப்பாக எரிந்தால் வைஃபை அணைந்திருக்கிறது, வெள்ளையானால் ஓடுகிறது. டெல்லில் பல மாடலில் எஃப்என் விசையை அழுத்திக்கொண்டு எஃப்2. ஏசரில் எஃப்3. மாடலுக்கு மாடல் மாறும், படத்தைப் பார்த்துத்தான் அழுத்த வேண்டும். தூசி துடைக்கும்போது துணி பட்டே அமுங்கிவிடும் என்கிறான் பையன். இப்படி அணைந்து கிடப்பதற்குப் பெயர் விமானப் பயன்முறையாம்! நான் இதுவரை ஏறிய அதிகபட்ச உயரம் ஒன்பது மீட்டர் கம்பம்.

சரி, அந்த ஆங்கில இரண்டு வரிக்கு வருகிறேன். சுவிட்சை மறுபடி அணைத்துவிட்டு அதே பட்டனை அழுத்தச் சொன்னேன். வயர்லெஸ் அணைந்திருக்கிறது, கம்ப்யூட்டரின் முன்புறமோ பக்கவாட்டிலோ இருக்கும் சுவிட்சைப் போடவும் என்று வந்தது. முதல் நாளே இதைத்தான் சொல்லியிருக்கிறது. நின்று படிக்கத்தான் ஆளில்லை.

இனி, வேறு மாதிரிக் கோளாறுகள். இந்த மூன்று மாதத்தில் தெருவில் நாலு வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டேன், ஓய்வில் இருப்பவனுக்கு வேறென்ன வேலை. கரண்ட் இல்லை என்று ஒருவர் சொன்னால் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "பக்கத்து வீட்டில இருக்கா?" நெட்டுக்கும் அதே கேள்விதான். அதே வைஃபையில் போனுக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் பார்ப்பதற்கு முன் போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் வைஃபை செத்துக் கிடந்தாலும் போன் சத்தம் போடாமல் சிம்மிலிருந்து இழுத்துக்கொண்டிருக்கும். நாமும் வைஃபை நன்றாக இருக்கிறது என்று நம்பி லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு அழுவோம். மேலத்தெருவில் ஒரு டீச்சர் வீட்டில் இரண்டு நாள் இதே கூத்துதான் நடந்திருக்கிறது.

போனுக்கும் வரவில்லையென்றால் லேப்டாப் மேல் தப்பில்லை. ரூட்டர் பெட்டியைப் பார்க்க வேண்டும். அதில் எல்ஓஎஸ் என்று ஒரு விளக்கு, அது சிவப்பாக மின்னினால் வெளியிலிருந்து வரும் கண்ணாடி இழையில் வெளிச்சம் வரவில்லை என்று அர்த்தம். எங்கோ லைன் அறுந்திருக்கும், அல்லது மடங்கியிருக்கும். நீங்கள் வீட்டில் என்ன செய்தாலும் வராது, கேபிள்காரருக்குத்தான் போன் போட வேண்டும். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் மனசு கேட்காது. அந்தக் காலத்தில் அனுமதி இல்லாமல் எங்கள் கம்பங்களில் கட்டியிருந்த கேபிள்களை இரக்கமே பார்க்காமல் அறுத்துப் போட்டிருக்கிறேன். கொடிக்கம்பி மாதிரித் தொங்கினால் கம்பத்தில் ஏறுகிறவன் எப்படி ஏறுவான்? இன்றைக்கு என் பேத்தி படிப்பே அந்தக் கம்பத்தில் வரும் ஒரு மெல்லிய கறுப்பு வயரில் தொங்குகிறது. கேபிள்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறார்.

சிவப்பு விளக்கு இல்லை, ஆனாலும் வரவில்லையென்றால் ரூட்டரை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். பாதி நேரம் அதிலேயே வந்துவிடும்.

போனில் வைஃபைப் பெயர் தெரிகிறது, லேப்டாப்பில் அந்தப் பெயரே இல்லை என்று ஒரு வகை. எங்கள் பெட்டி இரண்டு பெயரில் அனுப்புகிறது, ஒன்றின் வாலில் 5ஜி என்று இருக்கும். 'எங்க ஊருக்குத்தான் 5ஜி வந்தாச்சே, அதையே போடு' என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். போன் கம்பெனி 5ஜி-க்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. மற்றது 2.4 கிகாஹெர்ட்ஸ். பழைய லேப்டாப்பில் இருக்கும் கார்டு 2.4-ஐ மட்டும் கேட்கும் ரகமாக இருந்தால், அடுத்தது அதன் காதில் விழவே விழாது. 5 வேகமானது, ஆனால் சுவர் குறுக்கே வந்தால் சோர்ந்துவிடும். 2.4 கொஞ்சம் மெதுவாக இருந்தாலும் இரண்டு அறை தாண்டி வரும். என்ன, அதில் கூட்டம் அதிகம். அந்த அலைவரிசையை லைசென்ஸ் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று 2005-லேயே மத்திய அரசு திறந்துவிட்டது. தெருவில் எல்லா ரூட்டரும் புளூடூத்தும் அதில்தான் இருக்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் அதே பக்கத்தில்தான் வேலை செய்கிறது. எங்கள் மச்சினர் வீட்டில் ரூட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, கட்டிலில் நெட் வரவில்லை என்று கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். பீரோ மேல் ஏற்றி வைத்தேன், சரியாகிவிட்டது.

ரூட்டர் பாஸ்வேர்டை மாற்றிய பிறகு லேப்டாப் பழைய பாஸ்வேர்டையே பிடித்துக்கொண்டு முரண்டு பிடிப்பதும் உண்டு. ஃபர்கெட் என்பதை அழுத்தி, அந்த வைஃபையை மறக்கடித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும்.

எல்லாவற்றையும்விட என்னைக் குழப்பியது ஆகஸ்ட்டில் வந்த கோளாறு. வைஃபை சேர்ந்திருக்கிறது, கோடுகள் முழுதாக இருக்கின்றன, ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'இது பாதுகாப்பானதல்ல' என்று மிரட்டுகிறது. சுவிட்சைப் பார்த்தேன், பச்சை. ரூட்டரை அணைத்துப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. தற்செயலாகத் திரையின் கீழ்மூலையைப் பார்த்தால், தேதி 2012 ஜனவரி! லேப்டாப்புக்குள் ஒரு பொத்தான் பேட்டரி இருக்கிறது. எல்லாம் அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்துபோனால் தேதி பின்னால் போய்விடும். ஒவ்வொரு தளமும் தன்னுடைய சான்றிதழைக் காட்டும், அதில் இந்த நாள் முதல் இந்த நாள் வரை செல்லும் என்று இருக்கும். 2012-ல் உட்கார்ந்திருக்கும் லேப்டாப்புக்கு அந்தச் சான்றிதழ் எல்லாம் இன்னும் பிறக்கவே இல்லை. தேதியைத் திருத்தியதும் அத்தனையும் திறந்தது. பிறகு பேட்டரியையும் மாற்றிவிட்டேன்.

கார்டு உண்மையிலேயே போய்விட்டதா என்று கடைக்குப் போகாமலே ஓரளவு சொல்லிவிடலாம். டிவைஸ் மேனேஜர் என்ற பட்டியலில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்ற தலைப்பின் கீழ் வைஃபை கார்டின் பெயர் இருந்தால் கார்டு உயிரோடுதான் இருக்க வேண்டும். பெயர் பக்கத்தில் கீழ்நோக்கி அம்புக்குறி இருந்தால் யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள், வலது கிளிக் செய்து எனேபிள் கொடுத்தால் போதும். பெயரே காணோம் என்றால்தான் கார்டையோ, அதை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளையோ சந்தேகப்பட வேண்டும். எங்கள் லேப்டாப்பில் சுவிட்சை அணைத்து வைத்துப் பார்த்தபோதும் பெயர் அப்படியே இருந்தது.

அதைப் பார்த்த பிறகு எனக்குக் கை பரபரத்தது. பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, அடிமூடியைத் திறந்தோம். தீப்பெட்டி அளவில் ஒரு பச்சை அட்டை, அதில் சாம்பல் நிறத்தில் ஒரு வயர், கறுப்பில் ஒரு வயர். நூல் மாதிரி மெலிசு. இரண்டும் கீல் வழியாக மேலேறித் திரைக்குப் பின்னால் போகின்றன. ஆன்டெனா அங்கேதான் இருக்கிறதாம். நல்ல வயரிங். ஆனால் அட்டை மேல் தூசி, வருடக்கணக்காகப் படிந்த சாம்பல் நிறத் தூசி. விரல் பட்ட தடம்கூட இல்லை. இரண்டு வாரத்துக்கு முன் மாட்டிய புதுக் கார்டில் அவ்வளவு தூசி எப்படி வரும்?

போனில் படம் எடுத்துக்கொண்டு தென்காசிக்குப் போனேன். சண்டை போடவில்லை. "தம்பி, கழற்றின பழைய கார்டைக் குடு" என்று மட்டும் கேட்டேன். "அதெல்லாம் அப்பவே குப்பைக்குப் போயிருக்கும் அண்ணாச்சி." படத்தைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், கடைப் பையனைப் பார்த்தார், பிறகு கல்லாவைத் திறந்து ஆயிரம் ரூபாயை எடுத்து வைத்து, டீ சொல்லட்டுமா என்றார். ஆயிரத்தை வாங்கிக்கொண்டேன், டீ வேண்டாம் என்றுவிட்டேன். மீதி 800 போனது போனதுதான். அவர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். திறந்து மூடும்போது கை பட்டு சுவிட்ச் நகர்ந்து நெட் வந்திருக்கும், தான்தான் சரிசெய்தோம் என்று அவரே நம்பியிருக்கலாம். ஆனால் மாற்றாததை மாற்றியதாகச் சீட்டில் எழுதினாரே, அதற்கு என்ன சொல்வது?

என் கோரிக்கை இதுதான். பைக் மெக்கானிக் பிளக் மாற்றினால் பழைய பிளக்கைக் கையில் கொடுக்கிறார். மின்வாரியத்தில் மீட்டர் மாற்றினால் பழைய மீட்டரின் எண்ணையும் ரீடிங்கையும் எழுதிக்கொண்டுதான் எடுத்துப் போவோம். லேப்டாப் கடையிலும் எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதை வாடிக்கையாளர் கையில் கொடுப்பது வழக்கமாக வேண்டும். அவர்களாகக் கொடுக்க மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். லேப்டாப்பைக் கொடுக்கும்போதே, "மாற்றினா பழசு எனக்கு வேணும்" என்று சொல்லிவிட்டால் திரைச்சீலைக்குப் பின்னால் நடப்பதில் பாதி மாறிவிடும். உங்கள் நாளிதழும் ஞாயிறு இணைப்பில் ஒரு சின்னப் பெட்டி ஒதுக்கி, வாரம் ஒரு கோளாறு, அதற்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் எது என்று தமிழில் போடலாம். வைஃபை விசை எந்தக் கம்பெனியில் எங்கே இருக்கிறது என்று படத்தோடு போட்டால் நான் பத்துப் பிரதி வாங்கித் தெருவில் கொடுக்கத் தயார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற லைன் இன்ஸ்பெக்டர்,
சுரண்டை, தென்காசி மாவட்டம்.

பி.கு.: கடிதத்தை முடித்து உறையில் போடப் போகும்போது பேத்தி விடுதியிலிருந்து கூப்பிட்டாள். காலேஜ் வைஃபை சேர்ந்திருக்கிறது, ஆனால் ஒன்றும் வரவில்லையாம். "பச்சை தெரியுதா?" "தெரியுது தாத்தா." "தேதி?" "இன்னைக்குத் தேதிதான்." எனக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பையனிடம் போனைக் கொடுத்தேன். விடுதி வைஃபைக்கு வாசலில் ஒரு காவல் பக்கம் உண்டு, பிரவுசரைத் திறந்து அதில் பதிவு எண்ணைப் போட்டால்தான் உள்ளே விடும் என்றான். இவள் பிரவுசரையே திறக்காமல் வாட்ஸ்அப்பை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். பூட்டுப் படம் இல்லாத பழைய மாதிரித் தளம் ஒன்றைத் திறக்கச் சொன்னான், அந்தக் காவல் பக்கம் வந்து நின்றது. இப்போது அந்த மாடியில் யாருக்கு நெட் வராவிட்டாலும் இவளைத்தான் கூப்பிடுகிறார்களாம். கூலி, கேன்டீனில் ஒரு பஃப்ஸ்.